புது லேப்டாப்: எதை முதலில் தொடுவது

புது லேப்டாப் கைக்கு வந்ததும் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். பிளக்கில் செருகி, மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து, பிரவுசரை இறக்கி, பழைய கோப்புகளை அள்ளிக் கொட்டிவிடுவோம். கொஞ்ச நாள் போனதும் "மெதுவாக இருக்கிறதே, ரேம் கூட்டலாமா, எஸ்எஸ்டியைப் பெரிதாக்கலாமா" என்ற யோசனை வரும். (ரேம் என்பது ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்கான தற்காலிக நினைவகம், எஸ்எஸ்டி என்பது கோப்புகள் தங்கும் இடம்.) அதற்குள் பாதி வாழ்க்கை அந்த மெஷினில் ஏறியிருக்கும். பின்மூடியைக் கழற்றுவது என்றாலே வயிறு கலங்கும். வீட்டுக்கு வெள்ளையடிப்பதைக் குடிபோகும் முன்பே முடித்துவிடுகிறோம். லேப்டாப்பில் மட்டும் ஏனோ தலைகீழாகச் செய்கிறோம்.

என் வழக்கம் வேறு. பெட்டியிலிருந்து வந்தபடியே முதலில் சோதனை. அப்புறம் மூடியைத் திறந்து ரேம், எஸ்எஸ்டி. அப்புறம் விண்டோஸைப் புதிதாக நிறுவுவது. கோப்புகள் கடைசியில்தான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் தெரிந்தவர்கள் பலர் வரிசையாகப் புது மெஷினுக்கு மாறினார்கள். ஒவ்வொருவரிடமும் போனில் சொன்னதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

சோதனை ஏன் முதலில் என்றால், கழற்றிய பிறகு ஒரு கோளாறைக் கண்டுபிடித்தால் "நீங்கள்தானே திறந்தீர்கள்" என்ற பேச்சு வரும். அதனால் விண்டோஸ் கேட்கிற கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லி உள்ளே போய், சொந்தக் கோப்பு எதையும் வைக்காமல் மெஷினை ஓட விடுவேன். நோட்பேடைத் திறந்து ஒரு விசை விடாமல் அடிப்பது, எல்லா யூஎஸ்பி துளைகளிலும் பென்டிரைவைச் செருகிப் பார்ப்பது, திரை முழுக்கக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என மாற்றிச் செத்த பிக்சல் தேடுவது, இவையெல்லாம் அரை மணி நேர வேலை. பேட்டரிக்கு விண்டோஸிலேயே ஒரு ரிப்போர்ட் உண்டு. அதில் டிசைன் கெபாசிட்டி (வடிவமைத்த கொள்ளளவு), ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்போது முழுதாக நிரம்பும் அளவு) என்று இரண்டு எண்கள் வரும்; புது மெஷினில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டால், உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று சொல்லிவிடும். புதிது என்று வாங்கிய மெஷினில் அந்த எண் நூற்றுக்கணக்கில் இருந்தால், அது நமக்கு முன்பே யார் கையிலோ இருந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். பயாஸுக்கு, அதாவது ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளுக்கு, அப்டேட் இருந்தால் அதையும் இப்போதே, சார்ஜர் மாட்டிய நிலையில் போட்டுவிடுவேன். புது பயாஸில் ரேம் பொருத்தம் சம்பந்தமான திருத்தங்கள் அடிக்கடி இருக்கும். ரேம் மாற்றப்போகிறவர்களுக்கு அது முக்கியம்.

இனி ரேம் விஷயத்துக்கு வருவோம். மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் பேச நிறைய இருக்கிறது.

முதல் கேள்வி, மாற்ற முடியுமா என்பது. இதை வாங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்துக்குப் போனால் எத்தனை ஸ்லாட் (ரேம் செருகும் இடம்) இருக்கிறது, அதில் எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது என்று ஒரு வரி இருக்கும். ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் 'சோடிம்' என்று இருந்தால் கழற்றி மாட்டுகிற துண்டு. 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் மதர்போர்டிலேயே, அதாவது உள்ளே இருக்கும் முதன்மைச் சர்க்யூட் பலகையிலேயே, கழற்ற முடியாதபடி பற்றவைத்து சால்டர் செய்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஆனால் ஸ்லாட் எண்ணிக்கையை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். சால்டர் செய்த சிப்களையும் ஸ்லாட் என்று கணக்குக் காட்டுகிற மெஷின்கள் உண்டு. நம்பகமானது அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல்தான். டெல், எச்பி, லெனோவோ போன்ற நிறுவனங்கள் அதைத் தங்கள் தளத்தில் எல்லோரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கின்றன. எந்தத் திருகு எங்கே, எந்தப் பக்கத்திலிருந்து மூடியை நெம்ப வேண்டும் என்பது வரை படத்தோடு இருக்கும். ஒரு மாடலை வாங்கலாமா என்று யோசிக்கும்போது விளம்பரப் பக்கத்தைவிட அந்த மேனுவலைப் படிப்பது எவ்வளவோ மேல்.

சால்டர் செய்வதை முழுக்க நிறுவனங்களின் பேராசை என்று திட்டித் தீர்ப்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடுதான். இப்படி ஒட்டப்படும் எல்பிடிடிஆர் வகை ரேம் குறைந்த மின்சாரத்தில் அதிக வேகத்தில் ஓடுவது. அந்த வேகத்தில் சிக்னல் சிதையாமல் இருக்க, பிராசசருக்கும் ரேமுக்கும் நடுவில் உள்ள தடம் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. நடுவில் ஒரு சாக்கெட் வந்தால் அது கெடுகிறது. 2012-இல் ரெட்டினா திரையோடு வந்த ஆப்பிளின் மேக்புக் ப்ரோவில் ரேம் மதர்போர்டோடு ஒட்டிப்போனது. 2020-இல் ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1 வந்தபோது ரேம் பிராசசர் பேக்கேஜுக்குள்ளேயே போய்விட்டது. 2024-இல் இன்டெலும் லூனார் லேக் பிராசசர் வரிசையில் அதையே செய்தது: 16 ஜிபி, இல்லையென்றால் 32 ஜிபி, அவ்வளவுதான். இப்படிப்பட்ட மெஷினில் வாங்கும் நாளில் எடுக்கிற முடிவுதான் கடைசி முடிவு. பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நடுவழி ஒன்றும் உருவாகி வருகிறது. கேம்2 என்ற பலகை வடிவ ரேமுக்கு, மெமரி தரநிலைகளை வகுக்கும் ஜெடெக் அமைப்பு 2023 டிசம்பரில் தரநிலை வெளியிட்டது. மதர்போர்டின் மேல் படுக்கவைத்துத் திருகால் இறுக்குவது. லெனோவோவின் திங்க்பேட் பி1 வரிசையின் 7-ஆம் தலைமுறையில் அதன் எல்பிடிடிஆர் வடிவம் வந்தது. பரவலாகுமா என்பதைப் பொறுத்திருந்து பார்க்க வேண்டும். எனக்கு ஆசைதான்.

ஸ்லாட் இருக்கிற அதிர்ஷ்டசாலிகளுக்கு அடுத்த கேள்வி, எந்த ரேம் என்பது. ரேமின் தலைமுறைகளான டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டும் வேறு வேறு: டிடிஆர்4 சோடிம்மில் 260 பின், டிடிஆர்5 சோடிம்மில் 262 பின். கீழே இருக்கும் வெட்டின் இடமும் வேறு, ஓடுகிற மின்னழுத்தமும் வேறு, டிடிஆர்4-க்கு 1.2 வோல்ட், டிடிஆர்5-க்கு 1.1. ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காரவே உட்காராது. வேகம் கொஞ்சம் முன்பின் இருந்தால் பரவாயில்லை, இரண்டில் மெதுவானதன் வேகத்துக்கு இரண்டும் இறங்கி ஓடும்.

என் மெஷின் 8 ஜிபியோடு வந்தது, அதுவும் ஒரே துண்டாக. இது ரொம்பச் சகஜம். இரண்டாவது ஸ்லாட்டைக் காலியாக விட்டு அனுப்புவார்கள். 8 ஜிபி குறைவு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரே துண்டு என்பதுதான் பலர் கவனிக்காத இழப்பு. டிடிஆர்4-3200 (3200 என்பது வேகம்) துண்டு ஒன்று நொடிக்கு 25.6 ஜிபி வரை தரவைக் கடத்தும். இரண்டு துண்டு போட்டால் இரண்டு பாதை திறந்து 51.2 ஆகிறது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் படம் வரைகிற பகுதியும் இதே ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. அதனால் வித்தியாசம் வீடியோ எடிட்டிங்கிலும் விளையாட்டுகளிலும் பளிச்சென்று தெரியும். ஒரே 32 ஜிபி துண்டா, இரண்டு 16 ஜிபி துண்டுகளா என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு என்பேன். பிரவுசர், ஆவணங்கள், காணொளி அழைப்பு என்ற அளவில் நிற்பவர்களுக்கு இரண்டு 8 ஜிபியே தாராளம்.

திறப்பதற்கு வேண்டியது ஒரு நல்ல பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர், பெரும்பாலும் பிஎச்0 அளவு, அப்புறம் ஒரு பிளாஸ்டிக் நெம்பி. பழைய கிடார் பிக் இருந்தால் போதும். உலோகத்தை மட்டும் உள்ளே விட வேண்டாம். அதற்கு முன் கணினியை ஷட் டவுன் செய்ய வேண்டும், தூங்க வைத்தால் போதாது. சில மாடல்களில் பயாஸிலேயே உள் பேட்டரியைத் துண்டிக்க ஒரு தேர்வு இருக்கும். இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். பின்பக்கத் திருகுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. முன்பக்கம் குட்டையாகவும், கீல் பக்கம் நீளமாகவும் இருப்பது வழக்கம். நீளமானதைக் குட்டையின் இடத்தில் முறுக்கினால் மேலே கைவைக்கும் இடத்தில் புடைத்துக்கொண்டு வந்துவிடும். அதனால் ஒரு காகிதத்தில் லேப்டாப்பின் வடிவத்தைக் கோடு போட்டு, எந்தத் திருகு எந்த மூலையோ அந்த மூலையிலேயே குத்தி வைத்துக்கொள்வேன். ஒன்றிரண்டு ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கலாம். திருகெல்லாம் எடுத்தும் மூடி வரவில்லை என்றால் பலத்தைக் காட்டாமல் மேனுவலைப் பாருங்கள்.

மூடி கழல்கிறபோது படபடவென்று ஒரு சத்தம் வரும். முதல்முறை கேட்பவர்களுக்கு எதையோ உடைத்துவிட்டோம் என்று தோன்றும். அது கிளிப்புகள் விடுகிற சத்தம்தான். உள்ளே தெரிந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. கழற்றிவிட்டு பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரமும் வடிந்துவிடும். உடம்பில் நிலைமின்சாரம் இருக்கலாம் என்பதால் ஏதாவது ஒரு பெரிய உலோகப் பொருளைத் தொட்டுவிட்டு ரேமைக் கையில் எடுங்கள். ஓரத்தைப் பிடியுங்கள், தங்க நிறப் பற்களைத் தொடாதீர்கள்.

பழைய ரேமின் இரு பக்கமும் உள்ள சிறு கைகளை வெளிப்பக்கம் நகர்த்தினால் துண்டு தானாகவே சாய்வாக எழும்பி நிற்கும். புதியதையும் அதே சாய்வில், வெட்டு பொருந்தும்படி, பற்கள் ஏறக்குறைய மறையும் வரை உள்ளே தள்ளி, அப்புறம் மேலிருந்து அமுக்க வேண்டும். இரண்டு பக்கமும் 'க்ளிக்' என்று கேட்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கேட்டால் எடுத்து மறுபடி போடுங்கள். சரியாக உட்காராத ரேம்தான் "ஆன் ஆகவில்லை" என்கிற புகார்களில் பாதிக்குக் காரணம்.

மீதிப் பாதிக்குக் காரணம் அவசரம். புது லேப்டாப்பில் டிடிஆர்5 ரேம் மாற்றிய ஒரு தம்பி பதறிக்கொண்டு போன் செய்தான்.

"அண்ணா, ஃபேன் சுத்துது, லைட் எரியுது, ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரல. போச்சுன்னு நினைக்கிறேன்."

"எதையும் தொடாதப்பா. சார்ஜர் மாட்டியிருக்கா?"

"இருக்குண்ணா."

"அப்படியே விட்டுட்டு, போய் தண்ணி குடிச்சிட்டு வா."

திரும்பி வருவதற்குள் திரை வந்துவிட்டது. ரேம் மாறினால் அடுத்த முறை ஆன் செய்யும்போது பிராசசரின் மெமரி கன்ட்ரோலர், புதுத் துண்டுகளோடு எந்த நேர இடைவெளியில், எந்த மின்னழுத்தத்தில் பேசுவது என்று ஒவ்வொரு பாதையாக ஒத்திகை பார்க்கிறது. மெமரி டிரெய்னிங் என்பார்கள். டிடிஆர்5-இல் இது சில நிமிடங்கள்கூட எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும், மெஷின் தானாக ஓரிரு முறை அணைந்து எரியவும் செய்யலாம். இந்த நேரத்தில் பவர் பட்டனை அழுத்தி அணைத்தால் ஒத்திகை மறுபடி முதலிலிருந்து. ஒருமுறை முடிந்துவிட்டால் விவரத்தைச் சேமித்துக்கொள்ளும், அடுத்தடுத்த நாட்களில் வழக்கம்போல் ஆன் ஆகும்.

எஸ்எஸ்டி இவ்வளவு சிக்கல் இல்லை. அளவு எண் 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். சின்ன லேப்டாப்களில் 2242, 2230 என்று குட்டையாகவும் வரும். என்விஎம்இ (வேகமான புதிய இணைப்பு முறை) வகையா சாட்டா (பழைய, மெதுவான முறை) வகையா என்று பார்த்து வாங்க வேண்டும், உருவம் ஒன்றுபோலவே இருக்கும். நொடிக்கு 7000 எம்பி என்று அட்டையில் அச்சடித்த ஜென் 4 (4-ஆம் தலைமுறை) எஸ்எஸ்டிக்கும், 3500 எம்பி போகும் ஜென் 3-க்கும் நடுவே அன்றாட வேலையில் வித்தியாசம் உணர்வது கடினம். அந்த வேகம் பெரிய கோப்பை ஒரே மூச்சில் நகலெடுக்கும்போது வருவது. மென்பொருள் திறப்பதெல்லாம் சிறுசிறு துண்டுகளை அங்குமிங்கும் தேடிப் படிக்கிற வேலை. அதனால் வேகத்துக்குக் கொடுக்கிற பணத்தைக் கொள்ளளவுக்குக் கொடுங்கள். 512 ஜிபி வாங்கினால் விண்டோஸ் 476 என்றுதான் காட்டும், 1 டிபிக்கு 931. யாரும் திருடவில்லை, தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. இன்னொரு சின்ன எரிச்சல்: மதர்போர்டில் எஸ்எஸ்டி செருகுகிற இரண்டாவது எம்.2 ஸ்லாட் காலியாக இருக்கும், ஆனால் எஸ்எஸ்டியின் வாலைப் பிடிக்கிற அந்தக் குட்டித் திருகு இருக்காது. எஸ்எஸ்டி வாங்கும்போதே பொருத்தமான திருகும் வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய எஸ்எஸ்டியில் இருப்பதை அப்படியே புதியதுக்கு நகலெடுக்கலாம், அதாவது குளோன் செய்யலாம். நான் செய்வதில்லை. புது மெஷினில் குளோன் செய்தால் கூடவே வருவது சோதனைக்கால ஆன்டிவைரஸும், கேட்காத விளம்பர மென்பொருள்களும்தான். ஒன்றை மட்டும் செய்துகொள்வேன்: தயாரிப்பாளர் தருகிற ரிகவரி பென்டிரைவை மெஷினைத் திறப்பதற்கு முன்பே உருவாக்கி எடுத்து வைப்பது. அப்புறம் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் 11-ஐ 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, புது எஸ்எஸ்டியில் முதலிலிருந்து நிறுவுவேன். லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். விண்டோஸோடு விற்கப்படும் லேப்டாப்பில் அதன் சாவி மதர்போர்டின் நிரந்தர மென்பொருளான ஃபர்ம்வேரிலேயே பதிந்திருக்கும். எஸ்எஸ்டி மாறினாலும் இணையத்தைத் தொட்டதும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும்.

இந்த இடத்தில் இரண்டு தடைகள் வரலாம். ஒன்று, நிறுவும்போது எஸ்எஸ்டியே கண்ணுக்குத் தெரியாமல் பட்டியல் வெறுமையாக இருப்பது. எஸ்எஸ்டி போய்விட்டது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 11-ஆம் தலைமுறையிலிருந்து பல இன்டெல் லேப்டாப்களில் எஸ்எஸ்டியை விஎம்டி என்ற அடுக்கின் வழியாக இணைக்கிறார்கள், அதற்கான டிரைவர் (வன்பொருளோடு விண்டோஸ் பேச உதவும் மென்பொருள்) பென்டிரைவில் இல்லாவிட்டால் விண்டோஸுக்கு அது தெரியாது. லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவர் இருக்கும். அதை விரித்து ஒரு ஃபோல்டரில் வைத்து, 'லோட் டிரைவர்' கொடுத்தால் எஸ்எஸ்டி வந்து நிற்கும். இரண்டாவது தடை வைஃபை. விண்டோஸ் 11 நிறுவும்போதே இணையம் கேட்கும், ஆனால் உங்கள் வைஃபை சிப்புக்கு டிரைவர் அதில் இல்லாமல் போகலாம். வைஃபை டிரைவரையும் அதே பென்டிரைவில் முன்கூட்டியே போட்டுவைத்தால் தலைவலி மிச்சம்.

நிறுவி முடிந்ததும் நான் தேடுவது என்கிரிப்ஷன் சாவி. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே போனால் விண்டோஸ் 11 பல லேப்டாப்களில் சத்தமில்லாமல் எஸ்எஸ்டி முழுவதையும் பூட்டிவிடும். மெஷின் தொலைந்தால் நம் கோப்புகள் வேறு யார் கைக்கும் போகாது என்பதால் இது நல்லதுதான். ஆனால் பின்னால் ஒருநாள் பயாஸ் அப்டேட் போட்டாலோ, மதர்போர்டு மாறினாலோ, நீலத் திரையில் 48 இலக்க ரிகவரி சாவியைக் கேட்டு நிற்கும். அது நம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணக்கின் கடவுச்சொல்லும் அதே லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கிறது என்றால் கதை முடிந்தது. அதனால் சாவியை அச்செடுத்து, மற்ற முக்கியக் காகிதங்களோடு வைத்துவிடுங்கள். பயாஸ் அப்டேட் போடும் முன் இந்தப் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கவும் வழி உண்டு.

மற்ற அமைப்புகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். திரை 120 அல்லது 144 ஹெர்ட்ஸ் என்று வாங்கியிருந்தால் உண்மையில் அதில்தான் ஓடுகிறதா, 60-இல் நிற்கிறதா என்று டிஸ்ப்ளே அமைப்பில் பாருங்கள். நாள் முழுக்கச் சார்ஜரிலேயே கிடக்கும் மெஷின் என்றால் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் தேர்வைப் போடுங்கள். லித்தியம் அயன் பேட்டரிக்கு நூறிலேயே சூட்டில் கிடப்பது ஆகாது. கோப்பின் பின்னொட்டுப் பெயரை (.jpg, .exe போன்றவை)க் காட்டச் சொல்லுங்கள், படம் போல் வேஷம் போட்டு வரும் வைரஸ் கோப்பை அடையாளம் காண அது உதவும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது. மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்தால் மட்டும் போதாது, அதோடு எந்த விசைப்பலகை வந்திருக்கிறது என்று பார்த்து, தமிழ் 99-ஓ அஞ்சலோ உங்கள் கைக்குப் பழகியதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழைய ஆவணங்களைத் திறந்தால் எழுத்து வேறு மாதிரித் தெரிகிறதா? விண்டோஸ் 10 முதல் லதா, விஜயா என்ற எழுத்துருக்கள் கூடவே வருவதில்லை, நிர்மலா யுஐ மட்டும்தான். கூடுதல் அம்சங்களில் தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்ற தொகுப்பை நிறுவினால் இரண்டும் வந்துவிடும். பாமினியில் அடித்த பழைய கோப்புகள் வைத்திருப்பவர்கள் அந்த எழுத்துருக் கோப்பைப் பழைய மெஷினிலிருந்து மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடு இல்லாத காலத்து எழுத்துரு அது; இல்லாவிட்டால் திரையில் வருவது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்.

கழற்றிய ரேமை அது வந்த உறையிலோ, நிலைமின்சாரம் தாக்காத பையிலோ போட்டு வைத்துவிடுங்கள். உத்தரவாதக் காலத்தில் சர்வீஸுக்குக் கொடுக்க நேர்ந்தால் பழையதை மாட்டிக் கொடுப்பதுதான் நல்லது. கழற்றிய எஸ்எஸ்டிக்கு ஒரு யூஎஸ்பி உறை வாங்கினால் பேக்கப் எடுக்க உதவும். என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு என்விஎம்இ உறைதான் வேண்டும், சாட்டா உறை வேலை செய்யாது.

பழைய லேப்டாப்பை உடனே அழித்துவிட வேண்டாம். இரண்டு படி சரிபார்ப்புக்கான செயலி, ஒரே கணினியில் மட்டும் வேலை செய்யும் மென்பொருள் லைசென்ஸ், பிரவுசரில் மட்டுமே சேமித்த கடவுச்சொல் என்று ஏதாவது ஒன்று அதில் மாட்டிக்கொண்டிருக்கும், தேவைப்படும் நாளில்தான் நினைவுக்கு வரும். எல்லாம் புதிய மெஷினில் ஓடுகிறது என்று உறுதியான பிறகு, லைசென்ஸ்களை அதிலிருந்து விடுவித்துவிட்டு, ரீசெட்டில் கோப்புகளை நீக்குவதோடு டிரைவையும் சுத்தம் செய்யும் தேர்வைக் கொடுங்கள். அது சில மணி நேரம் ஓடும்; சார்ஜரை மாட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.